கன்ட்ரி ஜோவின் ‘ஃபிக்ஸின் டு டை’ ஆல்பம்: போர் எதிர்ப்பா, வெறும் புகையா?

9 ஜூன் 2018 (ஒரு வாசகரின் கேள்வி)

கன்ட்ரி ஜோ அண்ட் த ஃபிஷ் என்கிற அமெரிக்க ராக் குழுவின் ‘ஐ ஃபீல் லைக் ஐயம் ஃபிக்ஸின் டு டை’ ஆல்பத்தை, போர் எதிர்ப்பு சைக்கடெலிக் (போதை மயக்கம்போல ஒலிக்கும்) ராக்கின் உச்சம் என்று பட்டியலுக்குப் பட்டியல் போடுகிறார்கள். நேற்று முழுசாகக் கேட்டேன். மொத்தம் பத்துப் பாட்டு. முதல் பாட்டில் மட்டும்தான் வியட்நாம் வருகிறது. மிச்ச ஒன்பதும் காதல், மயக்கம், புகை. ஒரு பாட்டை வைத்து முழு ஆல்பத்துக்கும் போராளிப் பட்டம் கட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

10 ஜூன், இரவு

ஏமாற்று வேலைதான். எனக்கும் இதே சந்தேகம் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறது.

1983இல் மெட்ராஸில் ஹாஸ்டல். சீனியர் ஒருவருடைய எல்பி இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து கேட்டது. கேசட் அட்டையில் பெயர் எழுத இடம் பத்தவில்லை. முதல் பாட்டின் பெயரில் கடைசியில் ‘ரேக்’ என்று வருமா, அறை நண்பன் அதை மட்டும் எடுத்து ‘ராகம்’ என்று எழுதிவைத்தான். பக்கத்து அறையில் வீணை கற்ற ஒருவன் வந்து என்ன ராகம் என்று கேட்டான். ராக்டைம் என்கிற பழைய கறுப்பின நடன இசையின் சுருக்கம்தான் ரேக் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. சங்கராபரணம் என்று சொல்லி அனுப்பினோம்.

1967 மே மாதம் வந்த இவர்களுடைய முதல் ஆல்பம் இது. முதல் பாட்டு சர்க்கஸ் கூடாரத்து இசைபோல ஆரம்பிக்கும், ஊதல் சத்தம், எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஹாஸ்டல் தினத்துக்கு அந்தப் பாட்டைப் போட்டு ஆடினோம். உண்மையிலேயே ஆடினோம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. அது சாவைப் பற்றிய பாட்டு என்று பிறகுதான் தெரிந்தது.

11 ஜூன்

நேற்று எழுதியதில் பெரிய தப்பு. இது முதல் ஆல்பம் இல்லை, இரண்டாவது. 1967 மே மாதம் வந்தது ‘எலெக்ட்ரிக் மியூசிக் ஃபார் த மைண்ட் அண்ட் பாடி’. நாம் பேசுவது அதே வருடம் நவம்பரில் வந்தது. இரண்டும் வேன்கார்டு இசைத்தட்டு நிறுவனம், இரண்டுக்கும் தயாரிப்பாளர் சாம் சார்ட்டர்ஸ். என் கேசட்டில் ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது. அந்தக் குழப்பம் இன்னும் மண்டையில் இருக்கிறது.

தப்பைத் திருத்தும்போதுதான் ஒன்று பிடிபட்டது. அந்த முதல் பாட்டு 1965இலேயே எழுதியாகிவிட்டது. முதல் ஆல்பத்துக்கே தயாராக இருந்த சரக்கு. வேன்கார்டுதான் பயந்துபோய் அதை வெளியே வைத்தது. ஆனால் அதே ஆல்பத்தில் ஜனாதிபதி ஜான்சனைக் கிண்டல் செய்கிற ‘சூப்பர்பேர்ட்’ பாட்டை விட்டுவைத்தார்கள். அதனால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை என்று தெரிந்தபின், இரண்டாவது ஆல்பத்தில் இதற்கு அனுமதி. அதுவும் முதல் பாட்டாக, ஆல்பத்துக்கே பெயராக.

அப்படியென்றால் ‘ஒரு பாட்டுக்காக முழு ஆல்பத்துக்கும் பட்டம்’ என்பதை நாம் கொடுக்கவில்லை, அவர்களே கொடுத்துக்கொண்டார்கள். தடுத்து வைத்த பாட்டைத் தூக்கி வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

11 ஜூன், பிறகு

இந்தப் பாட்டுக்கு முன்னால் மேடையில் எழுத்துக்கூட்டிக் கத்துவார்களே, அந்தக் கெட்ட வார்த்தை ஆல்பத்தில் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆல்பத்தில் இல்லை. அதில் எழுத்துக்கூட்டிக் கத்துவது எஃப், ஐ, எஸ், எச். மீன். அவ்வளவுதான். கல்லூரி கால்பந்து மைதானத்தில் அணியின் பெயரை எழுத்தெழுத்தாகக் கத்துவார்களே, அதன் பகடி. வேறு நான்கெழுத்துக்கு மாறியது 1968 கோடையில், நியூயார்க் சென்ட்ரல் பார்க் கச்சேரியில். யோசனை டிரம்மர் கேரி ஹர்ஷுடையது. அதன் விளைவாக எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் வரவிருந்த வாய்ப்பு போனது. அடுத்த வருடம் மாசசூசெட்ஸில் ஆபாச வழக்கு, 500 டாலர் அபராதம்.

அந்தப் பாட்டில் ஆட்கள் குவியல் குவியலாகச் சாகிறார்கள். வழக்கு வந்தது நான்கு எழுத்துக்காக.

14 ஜூன்

கேள்வி கேட்டவர் விடவில்லை. “வரலாறு கிடக்கட்டும், மற்ற ஒன்பது பாட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்” என்கிறார்.

சரி, மறுபடி கேட்டேன், ஹெட்போனில். முதலில் உங்கள் கணக்கைத் திருத்துகிறேன். ஹைட்ரஜன் குண்டை என் தலையில் போடாதே என்று கெஞ்சுகிற ஒரு குட்டிப் பாட்டு நடுவில் ஒளிந்திருக்கிறது, சோப்பு விளம்பரம்போல. எல்எஸ்டி போதைமருந்துக்கும் அதேபோல ஒரு விளம்பரக் குட்டிப் பாட்டு உண்டு. ஆக, போர் ஒன்றேகால் பாட்டு.

மற்றவை நீங்கள் சொன்னதுதான். ‘ஜேனிஸ்’ என்பது பாடகி ஜேனிஸ் ஜாப்ளினுக்காக ஜோ எழுதியது, இருவரும் கொஞ்ச காலம் சேர்ந்திருந்தவர்கள். ‘ஈஸ்டர்ன் ஜாம்’, ‘கலர்ஸ் ஃபார் சூசன்’ இரண்டிலும் பாடல் வரியே இல்லை. பாரி மெல்ட்டனின் கிடார் நடுங்கிக்கொண்டே போகும், டேவிட் கோஹனின் ஆர்கன் பின்னால் பனிபோல நிற்கும். ‘கலர்ஸ் ஃபார் சூசன்’ கிட்டத்தட்ட ஆறு நிமிடம். அதில் ஏதோ நடக்கும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள், ஒன்றும் நடக்காது. எனக்குப் பிடித்த பாட்டு அதுதான்.

ஆனால் முதல் பாட்டு எப்படி முடிகிறது என்று கவனித்தீர்களா? இயந்திரத் துப்பாக்கி, குண்டு வெடிப்பு. சிரித்துக்கொண்டே இருந்த பாட்டை அந்தச் சத்தம் அப்படியே விழுங்கிவிடும். அதற்கு அடுத்தது ‘ஹூ ஆம் ஐ’. நான் யார் என்று ஒருவன் மெதுவாகக் கேட்கிறான். எல்பியில் இரண்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று விநாடி வெறும் ஊசிச் சத்தம். கேசட்டில் அந்த இடைவெளியில்தான் எங்கள் ஹாஸ்டலில் எவனாவது எழுந்து போய்த் திருப்பிச் சுற்றுவான், மறுபடி ஆடுவதற்காக. இரண்டாவது பாட்டை நாங்கள் வருடக்கணக்கில் கேட்கவே இல்லை.

குண்டு வெடித்து முடிந்தபின் ஒருவன் ‘நான் யார்’ என்று கேட்டால் அது போரைப் பற்றிய பாட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? தெரியவில்லை. யோசிக்கிறேன்.

15 ஜூன்

யோசித்தேன். கொஞ்சம் வலிந்து சொல்கிறேனோ? ‘ஹூ ஆம் ஐ’ காதல் தோல்விப் பாட்டாகவும் இருக்கலாம். வரிசையை வைத்து இவ்வளவு கட்டடம் கட்டக்கூடாது.

15 ஜூன், மதியம்

இல்லை, கட்டலாம். எல்பி காலத்தில் வரிசைதான் எல்லாம்.

19 ஜூன்

மதுரைக்காரர் ஒருவர் கேட்டது: “ராணுவத்துக்குப் போகப் பயந்த ஹிப்பிகள் வெளியே நின்று சிப்பாய்களைக் கிண்டல் செய்த பாட்டுத்தானே இது?”

இல்லவே இல்லை. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பாட்டை எழுதிய ‘கன்ட்ரி ஜோ’, அதாவது ஜோ மெக்டானல்டு, பதினேழு வயதில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவர். ஜப்பானில் அட்சுகி விமானத் தளத்தில் வேலை. மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தபிறகுதான் இந்தக் குழு, இந்தப் பாட்டு எல்லாம். பெற்றோர் கம்யூனிஸ்டுகள், ஜோசப் என்ற பெயரே ஸ்டாலின் நினைவாக வைத்தது. குழுவின் பெயரும் அதே வம்சம்: ‘கன்ட்ரி ஜோ’ ஸ்டாலினின் பட்டப்பெயர், ‘ஃபிஷ்’ என்பது மக்கள் என்கிற தண்ணீரில் நீந்தும் மீன் என்று மாவோ சொன்னதிலிருந்து. வீட்டில் ஸ்டாலின், வெளியே அமெரிக்கக் கடற்படை. இப்படி வளர்ந்த ஆளுக்குக் கிண்டல் வராமல் வேறென்ன வரும்?

பாட்டைக் கவனியுங்கள். அதில் சிப்பாயைப் பற்றி ஒரு கெட்ட சொல் கிடையாது. கூவி அழைப்பதெல்லாம் மற்றவர்களை. புத்தகத்தைக் கீழே போட்டுத் துப்பாக்கியை எடு என்று இளைஞர்களை. சிவப்புக்காரர்களைத் தீர்த்துக்கட்ட இதுதான் வாய்ப்பு என்று ஜெனரல்களை. ராணுவத்துக்குச் சாமான் விற்றுக் காசு பார்க்கலாம் என்று வால் ஸ்ட்ரீட்டை. கடைசியில் அப்பா அம்மாக்களை: பிள்ளைகளைச் சீக்கிரம் கட்டி அனுப்புங்கள், உங்கள் தெருவிலேயே முதல் ஆளாக உங்கள் பையன் பெட்டியில் வந்து சேருவான் என்று. புது டிவி விற்கிறவன் குரல் அது.

இது ஏலக்காரனின் பாட்டு. நம் கூத்தில் கட்டியங்காரன் வந்து ராஜாவைப் புகழ்வதுபோலவே கிழிப்பான் அல்லவா, அந்த வேலை. சிப்பாய் மட்டும் பல்லவியில் வருகிறான், எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று கேட்டுக்கொண்டு.

19 ஜூன், இரவு

பல்லவி என்றதும் ஒன்று. அதில் எண்ணுவார்கள்: ஒன், டூ, த்ரீ. அடுத்தது ‘ஃபோர்’ வரவேண்டும். வராது. அந்த வரி ‘ஃபார்’ என்ற சொல்லில் போய் முடியும், எதற்காக என்கிற அந்த ‘ஃபார்’. பிறகு ஃபைவ், சிக்ஸ், செவன். எட்டு வராது, சொர்க்கத்தின் கதவுகள் என்று ‘கேட்ஸ்’ஸில் முடியும், அதற்குள் ‘எய்ட்’ ஒளிந்திருக்கும். விட்டுப்போன எண்ணை எதுகை நிரப்புகிறது. சின்னப் பிள்ளைகள் விளையாட எண்ணுவதுபோல இருக்கும். நாலாவதற்குப் பதில் கேள்வி, எட்டாவதற்குப் பதில் சாவு.

முப்பது வருடம் கேட்டபின் தெரிந்தது இது. லுங்கி கட்டி ஆடியவனுக்கு எங்கே தெரியும்.

20 ஜூன்

“அரைமணி நேரத்தில் எழுதிய பாட்டுக்கு இவ்வளவு உரையா” என்று ஒருவர். ஆமாம், அரைமணி நேரத்தில்தான் எழுதினாராம். வெண்பாவே சிலர் அரை நிமிடத்தில் சொல்வார்கள்.

27 ஜூன்

இந்தப் பாட்டின் மெட்டு இன்னொருவருடையது என்று வந்த வழக்கைப் பற்றிக் கேட்டவருக்கு. மெட்டு சுட்டதா?

ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய ஹாட் ஃபைவ் குழுவும் 1926இல் பதிந்த ‘மஸ்க்ரட் ராம்பிள்’ கேளுங்கள். டிராம்போன்காரர் கிட் ஓரி பெயரில் இருக்கிற மெட்டு. கேட்ட உடனே உங்கள் கால் பழைய ஞாபகத்தில் தாளம் போடும். கிட் ஓரியின் மகள் 2001இல் வழக்குப் போட்டார். மெட்டு ஒன்றா இல்லையா என்ற இடத்துக்கு வழக்கு போகவே இல்லை; பாட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டு இப்போது வரக்கூடாது என்று தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டிலும் அதேதான்.

என் காதுக்கு? முதல் பாதி அக்கா தங்கை மாதிரி. அதற்குமேல் எனக்குச் சொல்ல அருகதை இல்லை, சங்கராபரணம் என்று சொன்ன ஆள்.

ஆனால் இந்த மெட்டின் பூர்வீகம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓரி லூசியானாக்காரர், நியூ ஆர்லியன்ஸ் இசையில் வளர்ந்தவர். அந்த ஊரில் பிணத்தைப் புதைக்கிற வரைக்கும் பேண்டு மெதுவாக அழும். புதைத்துவிட்டுத் திரும்பும்போது அதே பேண்டு துள்ளும், தெருவே பின்னால் ஆடிக்கொண்டு வரும். நமக்கு இதை விளக்க வேண்டுமா? பறை அடிக்க, விசில் பறக்க, முன்னால் நாலு பேர் ஆட, பின்னால் பாடை. எங்கள் ஊரில் தாத்தா போனபோது நானே ஆடியிருக்கிறேன். அமெரிக்க விமர்சகர்கள் ‘சாவைப் பற்றி இவ்வளவு உற்சாகமான மெட்டா’ என்று வியக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. ஹாஸ்டலில் நாங்கள் ஆடியதும் தப்பாகாது, காரணம் தெரியாமல் சரியாகத்தான் ஆடியிருக்கிறோம்.

28 ஜூன்

மேலே உள்ளதற்கு ஒரு அடி வாங்கினேன்: “எதைக் கேட்டாலும் நம்மூர்லயும் இருக்கு என்பதை நிறுத்துங்கள். சாவுக்குத்து கல்யாணச் சாவுக்கு, வயசாகிப் போனவர்களுக்கு. பத்தொன்பது வயசுப் பையன் செத்தால் எந்த ஊரில் ஆடுவார்கள்?”

சரியான அடி. ஆடமாட்டார்கள். பறை அடித்தாலும் ஆட்டம் இருக்காது. அந்தப் பாட்டு ஆடச் சொல்வதுதான் அதன் அசிங்கம், அதை வேண்டுமென்றே செய்கிறது. என் முந்தைய குறிப்பில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். எந்தப் பாதி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2 ஜூலை

வுட்ஸ்டாக் இசை விழாவைப் பற்றிய படம் பார்த்துத்தான் பெரும்பாலானோருக்கு இந்தப் பாட்டு தெரியும். அதில் ஜோ தனி ஆள், பட்டாளச் சட்டை, இரவல் கிடார், தோளில் மாட்ட வார் இல்லாமல் கயிறு கட்டியிருக்கும். 1969 ஆகஸ்ட் 16. மேடை தயாராகவில்லை, கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தத் தள்ளிவிட்ட ஆள். பாடுகிறார், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அந்த நான்கெழுத்தைக் கேட்கிறார். லட்சக்கணக்கான தலைகள் திரும்புகின்றன. நடுவில் நிறுத்தித் திட்டுவார் பாருங்கள்: இப்படிப் பாடினால் போரை எப்படி நிறுத்துவீர்கள், மூன்று லட்சம் பேர் இருக்கிறீர்கள் என்று. பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் தோற்றார். படத்தில் வரிகளைத் திரையில் போட்டு, மேலே பந்து குதிக்கும்.

அந்தப் படத்தை நான் பார்த்தது விசிஆரில், ஒரு தேய்ந்த டேப்பில். பந்து எந்தச் சொல்லின்மேல் குதிக்கிறது என்றே தெரியாது. ஆனால் அதைப் பார்த்துத்தான் ‘பெட்டி’ வரி எனக்குப் புரிந்தது.

ஆல்பப் பதிவுக்கும் வுட்ஸ்டாக்குக்கும் ஒரு வித்தியாசம். ஆல்பத்தில் கேலி செய்கிறவர்கள் ஐந்து பேர். வுட்ஸ்டாக்கில் கூட்டமே சேர்ந்து பாடுகிறது. கூட்டம் பாடும்போது கேலி குறைந்துபோய் அது கொடிப்பாட்டாகிவிடுகிறது. எனக்கு ஆல்பம்தான் பிடிக்கும், அதிலுள்ள சர்க்கஸ் ஆர்கனுக்காக.

2 ஜூலை

மறந்துவிட்டேன். 1968இல் சிகாகோவில் நடந்த போர் எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் போட்ட ‘சிகாகோ ஏழு பேர்’ வழக்கில் 1970 ஜனவரியில் ஜோ சாட்சி. பாட்டைச் சொல்லச் சொன்னால் பாட ஆரம்பித்துவிட்டார். நீதிபதி ஹாஃப்மேன் கோர்ட்டில் பாடக்கூடாது என்று நிறுத்த, ஜோ வரிகளை உரைநடையாகச் சொன்னார். மெட்டை எடுத்துவிட்டால் அந்த வரிகள் எவ்வளவு பயங்கரம் என்று யோசித்துப் பாருங்கள். சத்தமாக வாசித்துப் பார்த்தேன், மனைவி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள்.

8 ஜூலை

“உண்மையான போர் எதிர்ப்பு சைக்கடெலிக் என்றால் ஹெண்ட்ரிக்ஸின் ‘மெஷின் கன்’தான்” என்கிறார் ஒருவர். கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைச் சொல்கிறார். ஒப்புக்கொள்கிறேன். 1970 புத்தாண்டு அன்று நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிந்தது, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல், கிடாரே துப்பாக்கியாகிவிடும். வியட்நாமில் சண்டை போடும் சிப்பாய்களுக்கும், சிகாகோவிலும் நியூயார்க்கிலும் சண்டை போடும் சிப்பாய்களுக்கும் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். அவரும் பட்டாளத்துக்காரர், 101ஆவது வான்படைப் பிரிவில் பாராசூட்டில் குதித்தவர்.

பார்த்தீர்களா, இரண்டு பேரும் சீருடை போட்டவர்கள். அதனால்தானோ என்னவோ, வியட்நாமில் இருந்த சிப்பாய்களே ஜோவின் பாட்டைப் பாடித் திரிந்தார்கள். 1967 முடிவில் அங்கே நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் அமெரிக்கத் துருப்புகள். பல முன்னாள் வீரர்கள் இதைத் தங்கள் பாட்டு என்றே சொல்கிறார்கள். ஜோவும் பிற்காலத்தில் அவர்களோடுதான் நின்றார். 1995இல் பெர்க்லி நகரத்தில் வியட்நாம் வீரர்களுக்கு நினைவிடம் வந்ததில் அவர் பங்கு உண்டு. பாரி மெல்ட்டன் வக்கீலாகி, வக்கீல் வைக்கக் காசில்லாதவர்களுக்காக வாதாடும் அரசு வேலைக்குப் போய்விட்டார். நடுங்கும் கிடார், நடுங்காத வாதம்.

8 ஜூலை, இரவு

பட்டாளம் என்றதும் என் மாமா கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லவா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசனை.

அம்மாவின் தம்பி, மெட்ராஸ் ரெஜிமென்ட். 71 சண்டையின்போது மேற்கு எல்லை. லீவில் வரும்போது கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும். தெருமுனையில் பெட்டியைப் பார்த்ததுமே பிள்ளைகள் ஓடுவோம். உள்ளே கேன்டீன் பிஸ்கட், ஒரு கம்பளி, பாட்டிலைச் சுற்றிய பனியன்.

1986 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டேப் ரெக்கார்டரில் இந்தக் கேசட்டைப் போட்டேன். அப்போது மாமா ஓய்வு பெற்றாகிவிட்டது. திண்ணையில் படுத்திருந்தவர் “என்ன மாப்ள, சர்க்கஸா?” என்றார். பட்டாளத்துப் பாட்டு மாமா என்றேன். அர்த்தம் சொல்லச் சொன்னார். எனக்குப் பெருமை, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். வால் ஸ்ட்ரீட் வரிக்குச் சிரித்தார். “இத எழுதுனவன் பட்டாளத்துல இருந்திருக்கான்” என்றார். அப்போது எனக்கே அது தெரியாது. பிறகு, “அவனுக்கு பென்ஷன் உண்டாமா?” என்று கேட்டார்.

கடைசி வரிக்கு வந்தேன். ஒங்க தெருவுலயே மொத ஆளா ஒங்க பையன் பெட்டியில வருவான். உள்ளே இருந்து அத்தை, “பெட்டியோடதான வருவாக?” என்றது. இல்ல அத்தை, பெட்டிக்குள்ள என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நமக்கு எங்கடா பெட்டி? தந்திதான்” என்றார்.

அவ்வளவுதான். கேசட்டை நிறுத்திவிட்டேன்.

9 ஜூலை

விளக்கம் கேட்டவருக்கு: 62, 65, 71 சண்டைகளில் இறந்தவர்களைப் பெரும்பாலும் களத்துக்குப் பக்கத்திலேயே எரித்துவிடுவார்கள். வீட்டுக்குத் தந்தி வரும், பிறகு சாமான்கள் வரும். கொடி போர்த்திய பெட்டிகள் வரிசையாகச் சொந்த ஊருக்கு வந்ததை நாம் பார்த்தது 1999 கார்கிலில்தான். அந்த வருடம் டிவியில் ஒவ்வொரு ஊராகக் காட்டினார்கள். அப்போதுதான் நான் இந்த ஆல்பத்தைப் பல வருடம் கேட்காமல் வைத்தேன். கேட்கக்கூடாது என்று முடிவெல்லாம் எடுக்கவில்லை, கை போகவில்லை.

12 ஜூலை

மாமா “எழுதுனவன் பட்டாளத்துல இருந்திருக்கான்” என்று சொன்னதாக எழுதினேன். படித்துப் பார்க்கும்போது எனக்கே அது ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, சந்தேகப்படுகிற அளவுக்கு. ஜோவின் கடற்படைக் கதையைப் படித்தபிறகு நானே மாமா வாயில் போட்டுவிட்டேனா? பென்ஷன் கேள்வி மட்டும் நிச்சயம். அதை என்னால் கற்பனை செய்ய முடியாது.

30 ஜூலை

திடீரென்று வாங்கும் ஆசை வந்து பழைய எல்பி ஒன்று தேடினேன். முதல் பதிப்பில் உள்ளே ஒரு போஸ்டர் உண்டு, ‘ஃபிஷ் கேம்’, பரமபதம்போல விரித்து விளையாடுவது, காய்களை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்ததில் போஸ்டர் இல்லை, கவர் மட்டும், ஓரத்தில் யாரோ பல்லால் கடித்ததுபோல. தட்டில் முதல் பாட்டு தேய்ந்து சரசரக்கிறது. இரண்டாம் பக்கம் புத்தம் புதுசு. எங்கள் ஹாஸ்டல் மாதிரியே ஒரு கூட்டம் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை. உங்கள் கட்சிக்கு.

31 ஜூலை

அதாவது ஆல்பத்தில் ஒரு பாட்டைத்தான் உலகம் கேட்டது என்பதற்கு. ஆல்பத்தில் ஒரு பாட்டுத்தான் போரைப் பற்றியது என்பதற்கு இல்லை. நான் இன்னும் ‘ஹூ ஆம் ஐ’ பக்கம்தான் நிற்கிறேன்.

4 ஆகஸ்ட் 2019

ஒரு வருடம் கழித்து இந்த இழையை யாரோ தூசி தட்டியிருக்கிறார்கள், வுட்ஸ்டாக் ஐம்பதாவது ஆண்டு விழா ரத்தாகிவிட்டது என்று சொல்ல. ஆமாம், போன வாரம் கைவிட்டார்கள். முதல் வுட்ஸ்டாக்கையே அது நடக்கவிருந்த ஊர் விரட்டி, கடைசியில் ஒரு மாட்டுப் பண்ணையில்தான் நடந்தது.

வந்த கையோடு எனக்கும் ஒரு திருத்தம். சித்திரையில் மாமா மகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். இங்கே எழுதியதைப் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாகப் படித்தாள். பென்ஷன் இடத்தில் சிரித்தாள். கடைசிக்கு வந்ததும் தலையை ஆட்டினாள்.

“இல்ல அத்தான். தந்தின்னு அப்பா சொல்லல. அம்மா சொன்னது. உள்ள அரிசி பொடச்சுக்கிட்டே சொல்லுச்சு, நான் பக்கத்துல இருந்தேன். அப்பா ஒண்ணுமே பேசல.”